பூமுடி

மாதத்தில் இரண்டு நாள்தான் நான் அப்பா. முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும். மீதி நாளெல்லாம் எதிர்மனுதாரர். நக்கலாகச் சொல்லவில்லை, தர்மபுரி கோர்ட்டில் என் மனைவி நிர்மலாதேவி போட்ட விவாகரத்து வழக்கில் என் பெயர் வருகிற இடமெல்லாம் அப்படித்தான் டைப் அடித்திருக்கிறார்கள். 'எதிர்மனுதாரர் மாதையன், வயது 38, தொழில் ஓட்டுநர்.' பத்து வருஷம் என்னை மாமா என்று கூப்பிட்டவள் பதினான்கு பக்க மனுவில் ஒரு இடத்தில்கூட அந்த வார்த்தையைப் போடவில்லை.

எனக்கு நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு சின்ன யானை வைத்திருக்கிறேன். யானை என்றால் யானை இல்லை, குட்டி லாரி. காலையில் சாமந்தி, மத்தியானம் தக்காளி, சீசனில் மாங்காய் என்று யார் கூப்பிட்டாலும் ஓடுவேன். ஓடிக்கொண்டே இருந்ததுதான் என் தப்பு என்பாள் நிர்மலா. அவள் தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தாள். நான் வீட்டில் இல்லாதபோது போனில் யாரோடு பேசுகிறாள் என்று என் மண்டைக்குள் ஒரு புழு புகுந்துகொண்டது. கேட்டேன். கத்தினாள். நானும் கத்தினேன். ஒருநாள் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அதன் சில்லு ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த பாப்பாவின் காலைக் கீறிவிட்டது. மறுநாள் நிர்மலாவின் தம்பி அருண்குமார் வாடகைக் காரோடு வந்தான். தாயும் மகளும் ஏறிப் போனார்கள். அவள் போனில் பேசியதெல்லாம் அவள் அக்காவோடுதான் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

போனை உடைத்தது உண்மை. அதை எங்கேயும் நான் மறுக்கவில்லை. ஆனால் மனுவில் அந்த ஒரு உண்மையோடு, பெல்ட்டால் அடித்தேன், குடித்துவிட்டு வந்தேன், குழந்தையைத் தூக்கி எறிந்தேன் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு படி நெல்லில் நாலு படி கல்லைக் கொட்டிக் கலந்துவிட்டு, பொறுக்கிக்கொள் என்றால் எவனால் முடியும்?

விவாகரத்து ஆகிவிட்டது. பாப்பா அம்மாவிடம். எனக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்திலேயே குழந்தைகளுக்கென்று இருக்கிற அறையில், இரண்டு மணி நேரம்.

பாப்பாவின் பெயர் சுபிக்ஷா. வீட்டைவிட்டுப் போகும்போது ஆறரை வயது. முதல் சந்திப்புக்கு வந்தபோது அறைக்கதவுப் பக்கமே நின்றுகொண்டாள். கையில் ஒரு பை. பைக்குள் வீட்டுத் தண்ணீர், வீட்டு டிபன்.

"நீங்க குடுக்கறது எதுவும் நான் சாப்பிட மாட்டேங்க" என்றாள்.

'ங்க.' வா, போ, டேய் மாதையா என்று என் முதுகில் ஏறி உதைத்த பிள்ளை எனக்கு 'ங்க' போட்டது. ஊரே எனக்கு மரியாதை கொடுக்கட்டும், இந்த ஒரு வாயிலிருந்து மட்டும் எனக்கு அது வேண்டாம்.

"ஏன் கண்ணு?"

"மயக்க மருந்து கலந்து குடுத்துத் தூக்கிட்டுப் போயிடுவீங்க."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

யாரும் சொல்லவில்லை என்று சொல்லவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டு மணி நேரமும் சுவரில் வரைந்திருந்த மயிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், இடுப்பைத் தொடுகிற முடி. எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வகிடு ஒரு நூல்கூட விலகாமல் நிர்மலா பின்னி அனுப்பியிருந்தாள். அந்தக் கைவேலையை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கொண்டு வருவாள். ஒருநாள், "எனக்கு டெங்கு வந்தப்ப நீங்க குடிச்சிட்டு வூட்லயே படுத்திருந்தீங்களாம். அம்மாதான் தனியா என்னையக் காப்பாத்துனாங்களாம்" என்றாள்.

நான் குடிப்பவன் இல்லை. பாக்குகூடப் போட்டதில்லை. நாலு வயதில் அவளுக்கு டெங்கு வந்து ரத்தத்தில் அணுக்கள் பதினெட்டாயிரத்துக்கு இறங்கியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது நாள் கிடந்தவன் நான். அந்த ஒன்பது நாளில் என் பக்கத்திலேயே கிடந்தவள் நிர்மலா. ஐந்தாம் நாள், டாக்டர் எதுவும் சொல்ல முடியாது என்று போன பிறகு, அவள்தான் தன் முந்தானையில் மஞ்சள் தடவி ஒரு ரூபாய்க் காசை முடிந்தாள். "முனியப்பா, எம் புள்ளையக் குடுத்துரு. உன் வாசல்ல அதுக்கு முழு மொட்டை போடறேன்" என்று வாய்விட்டு அழுதாள். முனியப்பன் எங்கள் குலசாமி. நானும் அந்த முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டேன். ஏழாம் நாள் பாப்பா இட்லி கேட்டாள்.

அந்த வேண்டுதலை உடனே தீர்த்திருக்க வேண்டும். இந்த ஆடிக்கு, அடுத்த ஆடிக்கு என்று லோடு லோடாகத் தள்ளிப் போட்டவன் நான்தான். அதற்குள் முடி வளர்ந்து அழகாகிவிட்டது. நிர்மலாவுக்கு மனசு வரவில்லை. பிறகு எங்களுக்குள் சண்டை வந்து, வீடு போய், எல்லாம் போய்விட்டது. வழக்கு நடக்கும்போது ஒருதரம் என் வக்கீல் ராஜாமணி மூலமாகக் கேட்டுப் பார்த்தேன். அப்படி எந்த வேண்டுதலும் தான் வைக்கவில்லை என்று நிர்மலாவிடமிருந்து பதில் வந்தது.

ராஜாமணி வக்கீல் நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் யோவ் போடுவார். இரண்டு வருஷம் மல்லுக்கட்டி அவர்தான் எனக்கு அந்த உத்தரவை வாங்கிக் கொடுத்தார். அறைக்குள் இல்லை, இனி வெளியே. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அதே வாசலில் விட வேண்டும். "யோவ் மாதையா, இது ஒரு கயிறு. மெதுவா இழு. அறுத்துட்டீன்னா மறுபடி முடிச்சுப் போட என்னால ஆவாது" என்றார்.

மெதுவாகத்தான் இழுத்தேன், சாமி சத்தியமாக. முதல் தடவை வண்டியில் கதவோரம் ஒட்டிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் குதிக்கிற மாதிரி வந்தாள். பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்தோம், மூன்றடி தள்ளியே வந்தாள். அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தட்டுவடைக் கடையில் நிறுத்தி எனக்கு மட்டும் ஒரு செட் வாங்கினேன். பீட்ரூட், காரட் துருவலைத் தட்டுவடை இரண்டுக்கு நடுவில் வைத்து கடைக்காரர் நீட்ட நீட்ட நான் கர்க் கர்க்கென்று கடித்துக்கொண்டே இருந்தேன். பாப்பா பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். "ஒண்ணே ஒண்ணு, காரம் இல்லாம" என்றாள். ஆறு தின்றாள். தின்றுவிட்டு வண்டியில் ஏறி, ஹாரனை அழுத்தட்டுமா என்று கேட்டாள். சேலம் ரோடு முழுக்க அழுத்தினாள். எல்லாரும் என்னைத் திட்டினார்கள். பைக்கில் போன ஒருத்தர் நிறுத்தி, "ஏய்யா, ஊருக்கே கேக்கணுமா?" என்றார். "ஆமாங்க" என்றேன். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ப்பா, அவரு முழிக்கறதப் பாருப்பா."

ப்பா என்றாள். பாரு என்றாள். 'ங்க' எங்கேயோ விழுந்துவிட்டது. அன்றைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நல்லம்பள்ளி வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை அருண்குமாரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'பாப்பாவுக்குக் காய்ச்சல். வராது.' இந்த ஒரு வரியை நான் முன்னாலேயே நாலு தடவை பார்த்திருக்கிறேன். நாலு தடவையும் பொய். பிள்ளை என்னோடு ஒட்ட ஆரம்பித்தது தெரிந்ததும் வேலையைக் காட்டுகிறார்கள் என்று நினைத்து, போனை நோக்கி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் தக்காளி ஏற்றப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நவம்பர் முதல் சனிக்கிழமை வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. புறங்கையில் ஊசி குத்திய இடம் பச்சையாகக் கிடந்தது.

"என்ன கண்ணு இது?"

"மறுபடி டெங்குப்பா. அணு கொறைஞ்சிடுச்சுன்னு அஞ்சு நாள் ட்ரிப்ஸ் போட்டாங்க. நீ வருவேன்னு பாத்தேன்."

நீ வருவாய் என்று பார்த்தேன் என்கிறாள். நான் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்ன பொய்யை இப்போது நானே மெய்யாக்கிவிட்டேன். அன்றைக்கு அவளை எங்கும் கூட்டிப் போகவில்லை. வண்டியை நிழலில் நிறுத்தினேன். என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். எனக்கு அவள் நெற்றியில் வைத்த கையை எடுக்கப் பயமாக இருந்தது. இரண்டாவது தடவை. அதே காய்ச்சல். முனியப்பன் முதல் தடவை திருப்பிக் கொடுத்தான், நாம் சொன்னதைச் செய்யவில்லை, இதோ கேட்க ஆரம்பித்துவிட்டான் என்று எனக்குள் ஓடியது. படித்தவர்கள் சிரிக்கலாம். கொசு கடித்தால் வரும் என்று எனக்கும் தெரியும். இத்தனை பிள்ளைகள் இருக்கிற ஊரில் அந்தக் கொசு ஏன் என் பிள்ளையை மட்டும் இரண்டு தடவை தேடி வருகிறது என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ராஜாமணி வக்கீலிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முடி எடுக்கறதுக்கு அந்தம்மா சம்மதம் வேணும். இல்லீன்னா மனு போடணும். ஆறு மாசம் ஆகும்."

"சாமிகிட்ட எப்படிங்க வாய்தா வாங்கறது?"

"யோவ், பிள்ளையோட தலையில கை வெச்சுடாத. சொல்லிட்டேன்."

நிர்மலாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கோர்ட் வாசலில் பத்தடி தள்ளித்தான் நிற்பாள். கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரியும். மாட்டேன் என்றபின் செய்தால் அது குற்றம். கேட்காமல் செய்தால் அது பக்தி என்று எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் சனிக்கிழமை காலை பாப்பாவை வாங்கிக்கொண்டேன். ஒகேனக்கல் போகிறோம், பரிசலில் ஏற்றுகிறேன் என்றேன். துள்ளினாள். பென்னாகரம் தாண்டும்வரை ஆற்றைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். பரிசல் கவிழுமா, முதலை இருக்குமா, மீன் வறுவல் வாங்கித் தருவியா. பென்னாகரம் தாண்டி, ரோட்டை விட்டு இடது கைப் பக்கம் மண்பாதையில் திருப்பினேன்.

"இது எங்கப்பா?"

"நம்ம சாமி கண்ணு. கும்பிட்டுட்டுப் போயிடலாம்."

புளியமரத்தடியில் வெட்டவெளியில் நிற்கிற சாமி. பெரிய மீசை, கையில் அரிவாள். ஓரமாக ஒரு தகரக் கொட்டகையில் முடி எடுப்பவர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் முதல்நாளே போனில் சொல்லி வைத்திருந்தேன். அவர் பாப்பாவைப் பார்த்தார், சடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மடியில வெச்சுக்க தாய்மாமன் எங்கப்பா?"

"வரல. நானே உக்காந்துக்கறேன்."

"அம்மாக்காரி?"

"வரல."

அவர் கத்தரியைக் கையில் எடுத்தார். "பொம்பளப் புள்ள, இவ்ளோ வளந்துட்டுது. இந்த வயசுல யாரும் மொட்டை போடறதில்லப்பா. பூமுடி குடுத்துரு. மூணு கத்தரி. சாமி ஏத்துக்கும்" என்றார்.

மொட்டைக்குப் பதிலாகச் சடை நுனியில் மூன்று இடத்தில் கத்தரியால் நறுக்கிச் சாமிக்கு வைப்பதுதான் பூமுடி. எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிறார்கள். அந்த மனிதர் எனக்கு ஒரு வழியைத் திறந்து விட்டார். பாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முடி வெட்டுவாங்களாப்பா?"

"கொஞ்சூண்டு கண்ணு. உனக்குக் காய்ச்சல் வந்ததில்ல, அதுக்கு வேண்டிக்கிட்டது."

"எவ்வளவு? ஆண்டு விழாவுல நான் டான்ஸ் ஆடறேன். சடை வேணும்."

"மூணு கத்தரி. நுனியில மட்டும்."

"மூணுதானே?"

"மூணுதான்."

வந்து என் மடியில் உட்கார்ந்தாள். நம்பி உட்கார்ந்தாள். அந்தக் கணத்தில் எனக்கும் மூன்றுதான். இதை யாரும் நம்ப வேண்டாம், ஆனால் அதுதான் உண்மை.

அவர் முதல் நறுக்கு நறுக்கினார். "ஒண்ணு" என்றாள். அடுத்து "ரெண்டு." மூன்றாவதற்குக் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு "மூணு!" என்று சிரித்தாள். நறுக்கிய முடியை அவர் தட்டில் வைத்தார். ஒரு விரல் நீளம்கூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. முழு மொட்டை என்று வாய்விட்டாகிவிட்டது, ஐந்து வருஷம் ஏமாற்றியாகிவிட்டது, இந்த விரல் நீள முடியை வைத்துக்கொண்டு முனியப்பன் பிள்ளையை விட்டுவிடுவானா? மூன்றாவது தடவை காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்லவாவது செய்வார்களா?

பயம் என்று சொல்கிறேன். பயம் மட்டும் இல்லை. என் மூக்குக்கு நேராக அந்த வகிடு இருந்தது. நூல் பிடித்த மாதிரி நேரான வகிடு. எண்ணெய் வாசனை. காலையில் நிர்மலா உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு பின்னியிருப்பாள். பின்னப் பின்ன என்னைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருப்பாள். எனக்கு மாதம் இரண்டு நாள், அவளுக்கு ஒவ்வொரு நாள் காலையும். என் கோபம் சாமி வேஷம் கட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு எனக்கு அடையாளம் தெரியவில்லை. இன்றைக்கு நன்றாகவே தெரிகிறது.

பாப்பா எழுந்திருக்கப் போனாள். என் கை அவளை இறுக்கிப் பிடித்தது.

"முழுசா எடுங்க" என்றேன்.

"ஏப்பா..."

"வேண்டுதல் மொட்டைதான். நான் அப்பன் சொல்றேன், எடுங்க."

அவர் தண்ணீரைத் தொட்டார். பாப்பா முதலில் கத்தவில்லை. என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, மூணு ஆயிடுச்சு" என்றாள். நான் எண்ணத் தவறிவிட்டேன் என்று நினைத்து, எனக்கு எடுத்துச் சொல்கிற குரல் அது. "அப்பா, மூணு ஆயிடுச்சுப்பா. நான் எண்ணுனேன்." சடையை அடியோடு நறுக்கியபோதுதான் கத்தினாள். கைகாலை உதைத்தாள். டெங்கு வந்து தேறிய உடம்பு, எவ்வளவு நேரம் உதைக்கும்? சவரக்கத்தியை எடுத்தவர், "அசையாத பாப்பா, கிழிச்சுடும்" என்றார். பட்டென்று அசைவு நின்றது. பயத்தில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கடைசிவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் இதயம் மட்டும் என் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

தலையில் சந்தனம் பூசினார்கள். சேவல் அறுத்தார்கள். பூசாரி எலுமிச்சம்பழம் கொடுத்து, இனிமேல் ஒரு குறையும் வராது என்றார். பாப்பா கொட்டகைக்குள் போய், கீழே கிடந்த இரண்டு சடைகளையும் ரிப்பனோடு எடுத்து, மண்ணைத் தட்டி, தன் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறியதும் பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ஒருதரம் பார்த்துவிட்டு, அதன்பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பரிசல்ல போலாமா கண்ணு?" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"வூட்டுக்குக் கொண்டுபோய் உட்ருங்க" என்றாள்.

'ங்க' திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வழியில் ஒரு தொப்பி வாங்கினேன். போட்டுக்கொள்ளவில்லை. நாலு மணிக்குக் கோர்ட் வாசலில் நிறுத்தியபோது அந்தச் சந்தனத் தலையோடு இறங்கினாள். அருண்குமார்தான் முதலில் பார்த்தான். ஓடி வந்து கன்னத்தில் ஒன்று விட்டான். நெஞ்சில் இரண்டு. நான் கையைத் தூக்கவில்லை. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து அவனைப் பிடித்தார்கள். பாப்பா நேராக அம்மாவிடம் போய், பையைத் திறந்து, சடைகளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஏதோ ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு வந்து ஒப்புக்கொள்கிற பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

நிர்மலா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். சடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் பிள்ளையின் தலையைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னைய அடிச்சிருக்கலாமில்ல மாமா" என்றாள்.

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு மாமா என்கிறாள். அதற்கு அருண்குமாரின் அறையே தேவலை.

சந்திப்பை நிறுத்தச் சொல்லி மனு போட்டார்கள். விசாரணைக்கு முந்தின நாள் ராஜாமணி வக்கீல் என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். மனுவில் பழைய பொய்களோடு புதிதாக, கத்தியைக் காட்டி மிரட்டினேன், பட்டினி போட்டேன் என்றெல்லாம் எழுதியிருந்தது.

"ஜட்ஜம்மா பாப்பாவத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அது என்ன சொன்னாலும் சரி, உன்னையக் கேக்கறப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. அம்மா சொல்லிக்குடுத்துச் சொல்லுதுன்னு சொல்லு. இத்தனை நாள் நடந்தது அதுதானே? பழைய பதிவெல்லாம் நமக்குச் சாதகமா இருக்குது. வெளிய கூட்டிட்டுப் போறது போனாலும் அந்த ரூம்ல பாக்கறதாவது மிஞ்சும். புரியுதா? மாசம் ரெண்டு நாள் மிஞ்சும்."

புரிந்தது. மயிலைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டியாவது உட்கார்ந்திருப்பாள். முடி வளர்வதையாவது நான் பார்க்கலாம்.

மறுநாள் நீதிபதி அம்மா பாப்பாவை அறைக்குள் அழைத்து அரைமணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். பாப்பா நிர்மலாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி. வேறு யாரோ வாங்கிக் கொடுத்தது.

"குழந்தைகிட்ட பேசினேன்" என்றார் நீதிபதி அம்மா. "அப்பா அடிச்சாரான்னு கேட்டேன். அடிக்கலன்னு சொன்னா. மருந்து கலந்து குடுப்பாரான்னு கேட்டேன். அதெல்லாம் இல்ல, தட்டுவடை வாங்கித் தருவாருன்னா. குடிப்பாரான்னு கேட்டேன். அவருகிட்ட அந்த வாசனை வந்ததே இல்லன்னா."

நிர்மலா தரையைப் பார்த்தாள். இரண்டரை வருஷமாக இந்த இடத்தில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்துக்கிடந்த வார்த்தைகள் இவை. ஒவ்வொன்றாக என் மகளே சொல்லியிருக்கிறாள். பெல்ட் போயிற்று, சாராயம் போயிற்று, மயக்க மருந்து போயிற்று. கல்லையெல்லாம் அவளே பொறுக்கிப் போட்டுவிட்டாள்.

"அப்பறம் ஏன் அப்பாவைப் பாக்க வேண்டாங்கறேன்னு கேட்டேன். மூணு கத்தரின்னு சொல்லிட்டு மொட்டை அடிச்சிட்டாரு, இனிமே அவரு எது சொன்னாலும் என்னால நம்ப முடியாது, அவரு மடியில உக்கார பயமா இருக்குதுன்னு சொல்றா. இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

ராஜாமணி வக்கீல் என் முழங்கையை இடித்தார். "சொல்லுய்யா" என்றார் வாய்க்குள்ளேயே. அம்மா சொல்லிக்கொடுத்தது. இரண்டே வார்த்தை. சொன்னால் மாதம் இரண்டு சனிக்கிழமை. இந்த அறையில் எல்லாரும் அதை நம்பவும் தயாராக இருந்தார்கள்.

பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள். கொட்டகையில் திரும்பிப் பார்த்தாளே, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்க்கிறாள்.

"பாப்பா சொல்றது நெசங்கம்மா" என்றேன். "யாரும் சொல்லிக்குடுக்கல. மூணுன்னுதான் நான் சொன்னேன். அதுவும் எண்ணிச்சு. மூணு ஆயிடுச்சுப்பான்னு எங்கிட்ட சொல்லுச்சுங்க. நாந்தான் உடல."

ராஜாமணி வக்கீல் கையை எடுத்துக்கொண்டார். டைப் அடிக்கிறவர் நான் சொன்னதை வார்த்தை விடாமல் அடித்தார். குழந்தை தானாக விரும்பிக் கேட்கும்வரை சந்திப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அன்று மாலையே உத்தரவு வந்தது. அந்தக் கோர்ட்டில் நானும் என் மகளும் ஒரே சாட்சி சொன்னது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.